ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் உடல்நலம்: புறப்படும் முன் தொடங்கி ஊர் திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

ஹஜ் என்றால் நாற்பது நாள் பயணம் என்றுதான் நம் ஊரில் பேச்சு. ஆனால் ஹஜ் என்ற கடமை நடப்பது இஸ்லாமிய ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ்ஜின் பிறை 8 முதல் 12 அல்லது 13 வரை, ஐந்தாறு நாள்தான். மக்காவை ஒட்டிய மினா, அரபா, முஸ்தலிபா, மறுபடி மினா, இடையில் மக்கா. உடம்பு படுகிற பாடு முழுவதும் இந்த நாட்களில்தான். அதற்கு முன்னால் உள்ள வாரங்களில் சக்தியை எல்லாம் செலவழித்துவிட்டு, பிறை 8 அன்று காய்ச்சலும் இருமலுமாக மினா பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஏராளம். இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: அந்த ஐந்து நாளுக்காக உடம்பைச் சேமித்து வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஹஜ் கமிட்டி வழியாகவோ தனியார் ஹஜ் சர்வீஸ் வழியாகவோ போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மார்க்கச் சட்டம் தொடர்பான இடங்களில் உங்கள் ஹஜ்ரத்தையும், மருந்தளவு தொடர்பான இடங்களில் உங்கள் டாக்டரையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: போகலாமா என்று உடம்பைக் கேளுங்கள்

ஹஜ் கடமையாவதற்கு உடல் வலிமையும் ஒரு நிபந்தனை. சவூதி அரசும் இப்போது இதில் கறாராக இருக்கிறது. டயாலிசிஸ் செய்கிற அளவுக்குச் சிறுநீரகம் பழுதானவர்கள், சிறு வேலைக்கே மூச்சு வாங்கும் இதய நோயாளிகள், ஆக்சிஜன் தேவைப்படும் நுரையீரல் நோயாளிகள், முற்றிய கல்லீரல் நோய் உள்ளவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகள் ஆகியோர் வரக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். "எப்படியாவது சர்டிபிகேட் வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே போய்த் திணறப்போவது சர்டிபிகேட் இல்லை, உங்கள் அத்தா.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே வழக்கமான டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியாட்டினின், ஈசிஜி ஆகியவை அடிப்படை. ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புது வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "அந்த வெயிலில் இதே அளவு போதுமா, குறைக்கணுமா" என்று கட்டாயம் கேட்க வேண்டும். இரண்டுமே உடம்பிலிருந்து நீரை இழுப்பவை. பல் வலி, மூலம், குடலிறக்கம், கண்புரை என்று தள்ளிப்போட்டு வைத்திருப்பதையெல்லாம் இங்கேயே முடித்துவிடுங்கள். மினா கூடாரத்தில் பல் வலி வந்தவரிடம் கேட்டால் தெரியும்.

அப்புறம் நடை. ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை போனாலே மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். கஅபாவைச் சுற்றி வரும் தவாஃபைக் கூட்டத்துக்குப் பயந்து மாடியில் செய்தால் தூரம் பல மடங்கு நீளும். கல்லெறியும் நாட்களில் கூடாரத்திலிருந்து கல்லெறியும் இடமான ஜமராத் போய்த் திரும்புவது தனி. அங்கே போடப்போகும் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் நடந்து பழகி, மெதுவாக ஐந்து கிலோமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். புதுச் செருப்போடு விமானம் ஏறுவது கொப்புளத்துக்கு விடும் அழைப்பு.

இரண்டாம் படி: தடுப்பூசி

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் விசா கிடையாது. இதன் பின்னால் கசப்பான வரலாறு இருக்கிறது. 1987 ஹஜ்ஜில் ஏ வகை மூளைக்காய்ச்சல் பரவியது. 2000, 2001 ஆண்டுகளில் டபிள்யூ135 என்ற வேறு வகை, ஹாஜிகளோடு பல நாடுகளுக்கும் போனது. அதன் பிறகுதான் ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்கையும் தடுக்கும் ஊசி கட்டாயமானது. சவூதி போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குப் போலியோ சொட்டு மருந்தும் உண்டு. பேரன் பேத்தி எடுத்தவர்கள் வாயைத் திறந்து சொட்டு மருந்து வாங்கும்போது முகாமில் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது விதி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் இன்ஃப்ளூயன்சா ஊசியை விடவே கூடாது. நிமோனியா தடுப்பூசி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு முகாமில் ஊசி போட்டு அட்டை தருவார்கள். அந்த அட்டை பாஸ்போர்ட் பையிலேயே இருக்கட்டும். ஒரு படம் எடுத்து மகன் அல்லது மகளின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: மருந்துப் பை

தங்கும் நாட்களுக்கான மருந்தோடு இன்னும் பத்து நாளுக்கு அதிகமாக எடுங்கள். எல்லாம் அட்டையோடு இருக்க வேண்டும். உதிரி மாத்திரையை டப்பாவில் கொட்டிக்கொண்டு போனால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லி மாளாது. டாக்டரின் மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஏனென்றால் நம் கம்பெனிப் பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே டோலோ என்றால் அங்கே பனடோல், இரண்டும் பாராசிட்டமால்தான். மருந்தில் பாதி கைப்பையில், பாதி பெட்டியில். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் பிரஷர் மாத்திரை நிற்காது.

சவூதியில் சில மருந்துகள் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. ட்ரமடால், கோடின் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின் எல்லாம் இதில் சேரும். பிரிகாபலினை நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் சர்வ சாதாரணமாகச் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். இவற்றில் ஏதாவது உங்கள் சீட்டில் இருந்தால், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். மாற்ற முடியாது என்றால் சவூதி உணவு மருந்து ஆணையத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.

இன்னொன்று சமையலறையிலிருந்து வருவது: கசகசா. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். தனியாக யாரும் எடுத்துப் போவதில்லை, ஆனால் வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கலந்திருக்கும். உம்மா கட்டிக் கொடுக்கும் பொடியில் என்னென்ன போட்டு அரைத்தது என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். "மக்காவுல இருக்கிற என் மச்சானுக்கு இந்த லேகியத்தைக் கொடுத்துடுங்க" என்று யாராவது பொட்டலம் நீட்டினால், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

பையில் மற்றபடி இருக்க வேண்டியவை: பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட் நிறைய, சளி அலர்ஜி மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை, கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், ஒரு தெர்மாமீட்டர், முகக்கவசம், வாசனை இல்லாத வாஸ்லைன். இந்த வாஸ்லைனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஹஜ்ஜுக்கு உடுத்தும் தையலில்லாத இஹ்ராம் துணியில் உள்ளாடை இல்லாமல் வெயிலில் நடக்கும் ஆண்களுக்குத் தொடை உரசிப் புண்ணாகி, அடுத்த நாள் கால்களை அகட்டி வைத்து நடக்க வேண்டி வரும். பருமனானவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். நடப்பதற்கு முன்பே தடவிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கோடாலித் தைலம் இல்லாமல் நம் ஆட்கள் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். இஹ்ராமில் வாசனைப் பொருள் கூடாது என்பதால், தைலம் தேய்க்கலாமா என்பதை ஹஜ்ரத்திடம் இங்கேயே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். சோப்பு, ஈரத்துணி, சன்ஸ்கிரீன் எல்லாம் வாசனையற்றதாக வாங்குங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டு லக்கேஜில் விடவே கூடாது, சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும். கைப்பையில், குளிர் தாங்கும் சிறு பையில் இருக்கட்டும். பயன்பாட்டில் உள்ள பேனா பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும், ஆனால் அரபா வெயிலில் திறந்த பையில் தாங்காது. சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. போகும் நாளன்று எந்த வேளை ஊசியை எப்போது போடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

நான்காம் படி: அங்கே யார் யார் இருக்கிறார்கள்?

உதவி அங்கே நிறைய இருக்கிறது. யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

ஹஜ் கமிட்டி வழியாகப் போனால், உங்கள் குழுவோடு அரசு ஊழியர் ஒருவர் மாநில ஹஜ் ஆய்வாளராக வருவார். முன்பு காதிமுல் ஹுஜ்ஜாஜ் என்று சொன்னது இவரைத்தான். அவருடைய சவூதி எண்ணை வாங்கி, போனில் மட்டுமில்லாமல் ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். மக்காவில் இந்திய ஹாஜிகள் அதிகம் தங்குவது அஜீஸியா பகுதியில். அங்கே இந்திய ஹஜ் மிஷன் நடத்தும் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த டாக்டர்களும் செவிலியர்களும் இருப்பார்கள். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை பார்ப்பது போன்ற எதற்கும் முதலில் அங்கே போங்கள். அவர்களால் முடியாததைச் சவூதி மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். 2024-இல் வந்த ஹஜ் சுவிதா என்ற செயலியில் தங்குமிடம், உதவி கேட்பது, புகார் எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. இளையவர்கள் ஊரிலேயே அதைப் பெரியவர்களின் போனில் ஏற்றிப் பழக்கிக் கொடுங்கள்.

நெஞ்சு வலி, மயக்கம், வாய் கோணுதல், மூச்சுத் திணறல் என்றால் இந்தப் படிக்கட்டு எதுவும் வேண்டாம். சவூதி செம்பிறைச் சங்க ஆம்புலன்ஸ் எண் 997. மக்கா, மதீனா பகுதிகளில் 911 எல்லா அவசரத்துக்கும் பொது எண். மருத்துவ ஆலோசனைக்குச் சவூதி சுகாதார அமைச்சகத்தின் 937. கஅபா உள்ள ஹரம் பள்ளி (மஸ்ஜிதுல் ஹராம்) அருகிலேயே அஜ்யாத் மருத்துவமனை, நகரில் அந்நூர், கிங் ஃபைசல், கிங் அப்துல் அஜீஸ் மருத்துவமனைகள், மினாவிலும் அரபாவிலும் ஹஜ் நாட்களில் இயங்கும் மருத்துவமனைகள் என்று வரிசையாக இருக்கின்றன. அனுமதியோடு வந்த ஹாஜிகளுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், கமிட்டியில் வந்தீர்களா தனியார் சர்வீஸில் வந்தீர்களா என்ற பேதம் இல்லை. மொழிக்கும் பயப்பட வேண்டாம். பல வார்டுகளில் மலையாளச் செவிலியர்கள் இருப்பார்கள், நம் தமிழ் அவர்களுக்கு நன்றாகவே புரியும். கேஎம்சிசி (கேரள முஸ்லிம் கலாச்சார மையம்) போன்ற அமைப்புகளின் இந்தியத் தொண்டர்களும் வழி காட்ட நிற்பார்கள்.

கழுத்தில் தொங்கும் நுசுக் அட்டையை, அதாவது ஹாஜிகளுக்கான அடையாள அட்டையைக் குளிக்கும்போது தவிரக் கழற்றாதீர்கள். கூட்டத்தில் வழி தவறினால், நீங்கள் யார், எந்தக் கூடாரம் என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அதோடு ஒரு சீட்டில் கட்டட எண், நோய்கள், சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, கூட வந்தவரின் எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஹஜ்ஜுக்கு முந்தைய வாரங்கள்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மக்காவில் இறங்கி முதல் உம்ராவை (ஹஜ் அல்லாத சிறு யாத்திரை) முடித்ததும், மறுநாளிலிருந்து தன்ஈமில் உள்ள ஆயிஷா பள்ளிக்குப் போய் இஹ்ராம் கட்டி, உம்மாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று உம்ரா மேல் உம்ரா. நடுப்பகலில் லுஹருக்கு ஹரம், அஸருக்குத் திரும்பல், மறுபடி மஃரிபுக்கு ஹரம். ஆசை புரிகிறது. வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கிற வாய்ப்பு. ஆனால் கட்டாயமில்லாத நஃபிலுக்காக ஓடி, கட்டாயக் கடமையான பர்ளு ஹஜ்ஜில் படுத்துவிட்டால் என்ன பயன்? வயதானவர்கள் விடிகாலை ஃபஜ்ருக்கோ இரவு இஷாவுக்கோ ஹரம் போனால் போதும், பகல் தொழுகைகளை அருகிலுள்ள பள்ளியில் தொழலாம். பிறை 8-க்கு முந்தைய மூன்று நான்கு நாட்கள் முழு ஓய்வு.

ஜம்ஜம் குடிக்கும்போது "குளிரூட்டாதது" என்று பொருள்படும் "கைர் முபர்ரத்" என்று எழுதிய பாத்திரத்தில் பிடியுங்கள். வேர்த்து வழிய வந்து ஜில்லென்று குடித்துவிட்டு ஏசி அறையில் படுத்தால் தொண்டை கட்டும் என்பது ஹாஜிமார்கள் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள், கையைக் கழுவுங்கள். ஒட்டகப் பண்ணையைப் பார்க்கப் போவதும் காய்ச்சாத ஒட்டகப் பால் குடிப்பதும் வேண்டாம். 2012-இல் சவூதியில் கண்டறியப்பட்ட, நுரையீரலைத் தாக்கும் மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது.

பெண்கள் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை பற்றி ஊரிலேயே மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையும் சிக்கல், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது ஒத்துவராமல் போகலாம். தோழி தந்த மாத்திரையை விழுங்க வேண்டாம். மாதவிடாய் வந்தாலும் தவாஃப் தவிர மற்ற ஹஜ் அமல்கள் எதற்கும் தடையில்லை, விடைபெறும் தவாஃபில் சலுகையும் உண்டு.

ஆறாம் படி: அந்த ஐந்து நாட்கள்

மினாவுக்குச் சின்னப் பை போதும். ஐந்து நாள் மருந்து, ஓஆர்எஸ், பேரீச்சை, பிஸ்கட், தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில், குடை, மடக்கு நாற்காலி. 1997-இல் மினாவில் நடந்த தீ விபத்தில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தீப்பிடிக்காத கூடாரங்கள் வந்தன. உள்ளே ஏசி இருக்கும், ஆனால் படுக்கை மிகக் குறுகல், கழிப்பறையில் நீண்ட வரிசை. இந்த வரிசைக்குப் பயந்து பெரியவர்கள் தண்ணீரையே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். வெயிலில் விழுகிறவர்களில் பலரின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தொழுகை நேரத்துக்குச் சற்று முன்பு கூட்டம் மிக அதிகம், நேரம் மாற்றிப் போங்கள். முட்டி வலிக்காரர்கள் மடக்கும் கமோடு ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போவது பெரிய நிம்மதி.

அரபா நாள். 2024 ஹஜ்ஜில் மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஆண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு சொன்னது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்து, கூடாரமும் வாகனமும் இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள். நிழலும் வாகனமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஹஜ் இப்போது மே மாதத்துக்கு நகர்ந்திருக்கிறது, ஆனாலும் மக்கா மே மாதம் நம் கத்திரி வெயிலுக்குக் குறைந்ததல்ல. ஜபலுர் ரஹ்மா மலையில் ஏற வேண்டும் என்பது ஹஜ்ஜின் நிபந்தனையே இல்லை. அரபா எல்லைக்குள் எந்தக் கூடாரத்தில் இருந்து துஆ கேட்டாலும் அரபாவில் தங்கியது நிறைவேறிவிடும்.

அரபா கூடாரம் ஒன்றில் பார்த்தது. அஸருக்குப் பிறகு எல்லாரும் கையேந்தி அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், துஆ என்றே எல்லாரும் நினைத்தோம். அவர் மனைவிதான் உற்றுக் கேட்டார். "கடையைச் சாத்திட்டியா, சாவி எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர். "என்னங்க, நாம அரபாவுல இருக்கோம்ங்க" என்று அந்த அம்மா தோளை உலுக்கியபோது உடம்பு கொதித்தது. பக்கத்திலிருந்தவர்கள் மேல்துணியை எடுத்துவிட்டு, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் தண்ணீர் பாட்டில்களை வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, பிரியாணி அட்டைப்பெட்டியைப் பிரித்து விசிறினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கண்ணைத் திறந்து மனைவியின் பேரைச் சொன்னார்.

அவர்கள் செய்தது அத்தனையும் சரி. வெயிலில் தலை சுற்றல், வாந்தி, கடும் வியர்வை, ஆனால் நினைவு தெளிவு என்றால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, ஓஆர்எஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. உடனே 997 அல்லது 911, கூடவே அந்த நிமிடமே உடம்பைக் குளிர வைப்பது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். பாராசிட்டமாலும் வேண்டாம், மாத்திரைக்கு இறங்கும் காய்ச்சல் அல்ல இது.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிக்காதீர்கள். ஆண்கள் இஹ்ராமில் தலையை மூடக் கூடாது, குடை பிடிக்கத் தடையில்லை. வெளிர் நிறக் குடை ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

முஸ்தலிபாவில் இரவு திறந்தவெளி. பலவீனமானவர்களும் பெண்களும் நள்ளிரவுக்குப் பின் மினாவுக்குக் கிளம்பலாம் என்ற சலுகை இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். கல்லெறிவதற்கு முகாமுக்குக் கொடுத்த நேரத்தில், கொடுத்த பாதையில் போங்கள். எதிர்த்திசையில் திரும்பாதீர்கள், கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியாதீர்கள். 2015 மினா நெரிசலுக்குப் பிறகு இந்த நேர அட்டவணையைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். நடக்க முடியாத நோயாளிகளுக்காக வேறொருவர் கல்லெறியலாம்.

சர்க்கரை நோயாளிகள் பாதத்தை ஒவ்வோர் இரவும் பாருங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான தரையில் வெறுங்காலோடு நடந்து தோல் வெந்தாலும் தெரியாது. தவாஃப் செய்யும் இடமான மதாஃபின் வெள்ளைப் பளிங்கு குளுமையாகத்தான் இருக்கும், ஆபத்து வெளித் தரையிலும் சாலையிலும். செருப்பைச் சிறு பையில் போட்டுக் கூடவே வைத்திருங்கள், வாசலில் விட்டால் திரும்பக் கிடைக்காது. நோய் காரணமாக இஹ்ராமின் விதி ஒன்றை மீற வேண்டி வந்தால் குர்ஆன் 2:196 பரிகாரம் சொல்கிறது. சர்க்கரை இறங்கி நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் முதலில் மூன்று நான்கு பேரீச்சையோ ஜூஸோ, அப்புறம் விரலில் குத்திச் சர்க்கரையைச் சோதிப்பது.

மொட்டை போடும்போது புது பிளேடு போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைக் கொடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பிளேடு வழியே பரவும். சாலையோரத்தில் கத்தியோடு நிற்பவரிடம் உட்கார வேண்டாம். ஹஜ்ஜின் கட்டாயத் தவாஃபான தவாஃபுல் இஃபாளாவுக்குப் பிறை 10 அன்றே எல்லாரும் முண்டியடிப்பார்கள், உடம்பு முடியாதவர்கள் ஒன்றிரண்டு நாள் கழித்துச் செய்யலாம். சக்கர நாற்காலி ஹரமில் இலவசமாகவும் கிடைக்கும், தள்ளுவதற்கு ஆளோடு கட்டணத்துக்கும் கிடைக்கும். சீருடை உள்ளவரை மட்டும் அமர்த்துங்கள். உடல்நலமில்லாத உம்மு ஸலமா அவர்களுக்கு வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்ய நபியவர்கள் வழிகாட்டினார்கள். நாற்காலியில் உட்கார "கூச்சமா இருக்குப்பா" என்று சொல்லும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால்

"ஹஜ் போச்சே" என்பதுதான் முதல் அழுகை. போகவில்லை. சிகிச்சையில் இருக்கும் ஹாஜிகளில் நிலைமை இடம் கொடுப்பவர்களைச் சவூதி சுகாதார அமைச்சகம் பிறை 9 அன்று ஆம்புலன்ஸ் வரிசையாக அரபாவுக்கு அழைத்துப் போகிறது. மதீனா ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களையும் முன்கூட்டியே மக்கா பக்கம் கொண்டு வருகிறார்கள். நோயாளியைச் சேர்த்ததும் மருத்துவமனைப் பெயர், வார்டு, கட்டில் எண்ணைக் குறித்து ஹஜ் ஆய்வாளருக்கும் இந்திய மிஷனுக்கும் தெரிவியுங்கள். பாஸ்போர்ட் நகல், நுசுக் அட்டை, மருந்துச் சீட்டு மூன்றும் நோயாளியோடு போக வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் தடம் தவறிவிடும், அதனால் தினமும் ஒருவர் போய்ப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள், ஊரில் உங்கள் டாக்டருக்கு அது வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு

வந்த அன்றே வீடு நிறைய ஆட்கள், கட்டித் தழுவும் முஆனகா, ஜம்ஜம், பேரீச்சை. இருமல் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஸலாமோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்போது பக்கத்தில் விட வேண்டாம். ஹஜ் இருமல் ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் என்றால், "சவூதியிலிருந்து வந்திருக்கிறேன்" என்பதை ஓபி சீட்டு போடும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள், மெர்ஸ் சோதனை தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினின் மூன்றையும் அந்த வாரமே பாருங்கள். பயணத்துக்காக டாக்டர் குறைத்த மாத்திரை அளவைப் பழையபடி மாற்றுவது அந்த ரிசல்ட்டைப் பார்த்த பிறகுதான்.